அடுத்து வாங்கப்போகிறவரின் கார்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் சட்டென்று போகாது. இந்தக் கார் விஷயத்தில் வந்த கோபம் ஒரு வருடம் ஆகியும் இன்னும் வயிற்றுக்குள் கிடக்கிறது. முதலில் அது என் கணவர்மேல் இருந்தது, பிறகு கனடாவில் இருக்கும் தம்பிமேல், நடுவில் அம்மாமேலும்கூட. இப்போது யார்மேல் இருக்கிறது என்பதை எழுதிக்கொண்டு போகும்போது சொல்கிறேன்.

நான் வட்டக்கச்சியில், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடியே வேலை செய்கிறேன். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக கிளவுட் தரவுத்தளங்களை வடிவமைப்பது என் தொழில். அயலில் யாராவது கேட்டால் கொம்பியூட்டர் வேலை என்று சொல்லித் தப்பிவிடுவேன். உண்மையில் அதில் பாதி வேலை, எது எதனோடு எப்படிக் கட்டுப்பட்டிருக்கிறது என்று தீர்மானிப்பதுதான். தனக்கென்று ஒரு பதிவு வைத்திருக்கும் எதையும் நாங்கள் பொருள் என்போம். நோயாளி ஒரு பொருள், வைத்தியர் ஒரு பொருள், கிளினிக் நாளும் ஒரு பொருள். இவற்றுக்கிடையே இரண்டு வகைக் கட்டு உண்டு. ஒன்று தளர்ந்த கட்டு. வைத்தியர் மாற்றலாகிப் போனால் அந்த இடம் வெறுமையாகும், நோயாளி இருப்பார். மற்றது இறுக்கமான கட்டு. அதில் ஒன்று தாய்ப் பதிவு, மற்றது பிள்ளைப் பதிவு. தாயை அழித்தால் பிள்ளையும் கூடவே அழிந்துபோகும். நோயாளி இல்லாமல் அவருடைய கிளினிக் நாளுக்கு அர்த்தம் இல்லை, ஆகவே அதை இறுக்கிக் கட்டலாம். எதை இறுக்குவது, எதைத் தளர விடுவது என்று தெரியாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது.

சென்ற வருடம் எங்களுக்கு ஒரு வேலை வந்தது. நடக்க முடியாத நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி, கிளினிக்கில் காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடும் ஒரு வாகன சேவைக்குத் தரவுத்தளம் செய்ய வேண்டும். எங்கள் குழுத் தலைவர் கொழும்பில் இருக்கும் ஒரு இளைஞர், கெட்டிக்காரர். அவர் போட்ட முதல் வரைபடத்தில் பொறுப்பாளர் தாய்ப் பதிவாகவும் நோயாளி அவருடைய பிள்ளைப் பதிவாகவும் இருந்தார்கள். பொறுப்பாளர் இல்லாமல் ஒரு நோயாளியைப் பதியவே முடியாது. நான் சோதனைக்கு ஒரு கிழவியையும் மகனையும் கற்பனையாகப் பதிந்தேன். மகன் வெளிநாடு போய்விட்டான் என்று வைத்துக்கொண்டு அவனுடைய பதிவை அழித்தேன். கிழவியும் போய்விட்டார், அவருடைய கிளினிக் நாட்களும் போய்விட்டன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே அழைப்பெடுத்தேன்.

"அக்கா, பேஷன்டுக்குப் பொறுப்பா ஒரு ஆள் இருக்கத்தானே வேணும்? இல்லாட்டி நாங்க யாருக்குக் கோல் பண்றது?" என்றார் அவர்.

"அந்த மனிசிக்கே கோல் பண்ணுங்கோ தம்பி. அவாவுக்குக் கால்தான் ஏலாது. காது கேக்கும்."

மூன்று நாட்கள் சண்டை பிடித்தேன். ஒரு மனுஷியை இன்னொருவரின் பின்னிணைப்பாக வைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது என்று நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். கடைசியில் மாற்றினார்கள். நோயாளி தனிப் பொருளானார். பொறுப்பாளர் தளர்ந்த கட்டில், இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் வெறுமையாக விடலாம் என்று ஆனார். அன்று நான் குசினிக்குள் போய் ஒரு பெரிய கப்பில் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அதே கிழமைகளில்தான் நாங்கள் கார் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கார் அம்மாவுக்காக. நீரிழிவால் அம்மாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் இடம் ஒன்றில் அச்செடுத்து, ஒரு கால் செய்தும் தந்தார்கள். ஆனால் வெட்டிய கால் ஆரம்பத்தில் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டு போகும். அதற்கு ஏற்றபடி செயற்கைக் காலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அங்கு வேலை செய்பவர் அம்மாவிடம் தெளிவாகவே சொன்னார்.

"அம்மா, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வாங்கோ. ஆறு மாசம் தவறாமல் வந்தால் நடப்பீங்கள். வராட்டி இந்தக் கால் உங்கட வீட்டு அலுமாரிக்குள்ளதான் நிக்கும்."

"நான் வாறன் தம்பி," என்றார் அம்மா. "எனக்கு ஊர் சுத்த ஆசையில்லை. ஒருத்தரும் பிடிக்காமல் கக்கூசுக்குப் போய்வந்தால் காணும்."

அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. வயல் வேலை செய்து, இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைத் தானே ஓட்டி எங்களை வளர்த்தவர் அவர். கக்கூசுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, கதவுக்கு வெளியே என்னை நிற்கவைத்து, முடிந்ததும் கூப்பிடுவார். அந்தக் கூப்பிடும் குரல் மட்டும் அம்மாவின் குரல் மாதிரியே இருக்காது.

பஸ்ஸை நம்ப முடியாது. சக்கர நாற்காலியைத் தூரத்தில் கண்டதுமே வேகம் கூட்டும் சாரதிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அவர்களை இங்கே திட்டத் தொடங்கினால் முடிக்கமாட்டேன். அயலில் உள்ள ஓட்டோவில்தான் முதல் இரண்டு மாதம் போய்வந்தோம். பரந்தன், ஆனையிறவு, சாவகச்சேரி என்று வெக்கையிலும் காற்றிலும் அவ்வளவு தூரம் ஓட்டோவில் போய்வந்தால் அம்மாவுக்கு அடுத்த நாள் முதுகு நிமிராது. ஓட்டோக்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேலை இருந்தது. ஆகவே, எங்கள் கைக்கு எட்டிய விலையில் ஒரு கார் எடுப்பதென்று முடிவானது. தம்பியும் ஒரு பங்கு போடுவதாகச் சொன்னான்.

நான் அட்டவணை போட்டேன். தொழில் புத்தி. இருபத்தொரு நிரல்கள். உற்பத்தி ஆண்டு, ஓடிய தூரம், எண்ணெய்ச் செலவு, கிளிநொச்சியில் உதிரிப்பாகம் கிடைக்குமா, வாய்க்கால் கரை ரோட்டில் அடி தட்டாதா, ஏசி, ரயர், நம்பர் தகட்டில் உள்ள எழுத்து எவ்வளவு புதிது, எத்தனை பேர் இருக்கலாம், கடைசியில் மறுவிற்பனை. மறுவிற்பனைக்கு மட்டும் மூன்று மடங்கு புள்ளி. இது நான் மட்டும் செய்யும் பைத்தியக்காரத்தனம் இல்லை. எங்கள் நாட்டில் கார் என்பது ஓடுகிற காணி, வைத்திருந்தால் விலை ஏறும். வாங்கும்போதே விற்கும் நாளைப் பற்றிக் கதைப்போம். எல்லோரும் வெள்ளை எடுப்பது வெள்ளை பிடித்து அல்ல, அடுத்தவருக்கு வெள்ளை பிடிக்கும் என்று நினைத்து.

வவுனியாவில் ஒரு விற்பனை நிலையத்தில், பச்சைப் பட்டாணி நிறத்தில் பெட்டி போல உயரமான சின்ன யப்பான் கார் ஒன்று நின்றது. மறுவிற்பனையைச் சேர்க்காமல் பார்த்தால் என் அட்டவணையில் அது இரண்டாவதாக வந்தது. படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? உந்த நிறத்தில உந்தப் பெட்டியை விக்கேக்க ஒரு நாயும் திரும்பிப் பாராது."

என் கணவர் பூநகரியில் ஆசிரியர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருவதால் வீட்டில் மெதுவாகத்தான் கதைப்பார். "இஞ்சேரும், அவன் சொல்லுறதும் சரிதான். வெள்ளையில ஒரு சலூன் கார் எடுப்பம். அஞ்சு வருசத்தால போட்ட காசுக்கு மேலயும் விக்கலாம்," என்றார்.

அம்மா அப்போது கூடத்தில்தான் இருந்தார். நாங்கள் கதைப்பது எல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, உந்தக் காரின்ர கதவு எவ்வளவு அகலம் துறக்கும்?"

"எல்லாம் வடிவாப் பாத்திட்டம் அம்மா," என்றேன், லப்டொப்பில் இருந்து தலையைத் தூக்காமல்.

மறுவிற்பனைக்கான மூன்று மடங்கு புள்ளியைக் கூட்டியதும் பச்சைப் பெட்டி எட்டாவது இடத்துக்குப் போனது. வெள்ளை சலூன் முதலாவது. அதே வவுனியா நிலையத்தில் அதை வாங்கினோம்.

யப்பானில் இருந்து வந்தபோது இருக்கைகளில் போட்டிருந்த பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. மஞ்சளாகி, ஓரங்களில் வெடித்து, கை வைத்தால் சரசரத்தது. நான் உரிக்கப் போனேன், கணவர் தடுத்தார். விற்கும்போது சீற் புதிதாக இருக்க வேண்டுமாம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் ஒழுங்கையில் நிற்கும் இரண்டு வான்களிலும் உறை இன்னும் உரியாமல்தான் இருக்கிறது.

முதல் பயணத்தன்று என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்வேன், நினைக்கவே பிடிக்கவில்லை. சலூன் காரின் இருக்கை பள்ளத்தில் இருந்தது. கதவு பாதிதான் திறந்தது. சக்கர நாற்காலியை அருகில் கொண்டுபோக முடியவில்லை. என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அம்மாவை நெல்லுமூட்டை தூக்குவதுபோல அக்குளிலும் தொடையிலும் பிடித்துத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். உடுப்பு மேலே ஏறிவிட்டது. ஒழுங்கையில் ஆட்கள் நின்றார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பரந்தனுக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வர, கணவர் பிரேக் போட்டார். பொலித்தீனில் அம்மா சர்ரென்று வழுக்கிப்போய், வெட்டிய கால் முன்பக்கத்தில் இடித்தது.

"ஒண்டுமில்லை, ஓடுங்கோ," என்றார் அம்மா. அவருடைய முகம் வெளிறிப்போய் இருந்தது.

அடுத்த தவணைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த தவணை வெள்ளிக்கிழமை, விரதம் என்றார். பிறகு மழை. பிறகு வயிறு சரியில்லை. இப்படியே நான்கு மாதம் போனது. கார் பந்தலுக்குக் கீழே துணி போர்த்தபடி நின்றது, ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் அதைக் கழுவினார். செயற்கைக் கால் அலுமாரிக்குள் நின்றது. ஒருநாள் எனக்குப் பொறுமை கெட்டது. வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"உங்களுக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டுக் காரை வாங்கினம்! ஒரு நன்றி வேண்டாம், ஏறி இருக்கவாவது மாட்டீங்களே?"

"எனக்காகவோ?" என்றார் அம்மா. சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டார்.

அம்மாவுக்கு அடம் கூடிவிட்டது என்று தம்பிக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன். அவனும் ஓம் என்று எழுதினான். அந்தச் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். எனக்கு அது தேவை.

பிறகு ஒரு நாள் காலை, நோயாளர் வாகன சேவையின் தரவுத்தளத்தைக் கடைசியாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். மாதிரிக்கு யாரையாவது பதிய வேண்டும். யோசிக்காமல் அம்மாவைப் பதிந்தேன். வயது, வலது கால், முழங்காலுக்குக் கீழே. பொறுப்பாளர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமித்துப் பார்த்தேன், சேமித்தது. நான் சண்டை பிடித்து வாங்கிய வெறுமை அது. அடுத்த கட்டம், வாகனத்தில் ஏறும் முறை. தானாக, கைத்தாங்கலுடன், தூக்கி. மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். 'தூக்கி' என்பதில் விரலை வைத்துவிட்டு நிறுத்தினேன்.

ஓட்டோவில் அம்மாவை யாரும் தூக்கவில்லையே. சக்கர நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, இடது காலை ஊன்றி, ஓட்டோவின் கம்பியை ஒரு கையால் பிடித்து, ஒரே உந்தலில் பின்பக்கமாக ஏறி இருந்துவிடுவார். இரண்டு மாதமாக அதை நான் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நாற்காலியை மடிப்பதுதான் என் வேலை. ஆனாலும் அதைக் கவனிக்கவில்லை.

அதற்கடுத்த திரையில் வாகனத்தின் விபரங்கள். கதவு திறக்கும் அகலம், இருக்கையின் உயரம். இரண்டும் நிரப்பியே ஆக வேண்டிய கட்டங்கள். நிரப்பாவிட்டால் அந்த வாகனத்தைப் பதிய முடியாது. அப்படிக் கட்டாயமாக்கியது நான்தான்.

என் கார் அட்டவணையைத் திறந்தேன். இருபத்தொரு நிரல்களையும் இரண்டு தரம் பார்த்தேன். கதவு இல்லை. உயரம் இல்லை. அம்மா எங்கே இருக்கிறார் என்று தேடினேன். 'எத்தனை பேர் இருக்கலாம்' என்ற நிரலின் தலைப்பில், தேவை நான்கு என்று இருந்தது. எங்கள் மகளையும் சேர்த்து வீட்டில் நான்கு பேர். அந்த நான்குக்குள் ஒன்றாக அம்மா இருந்தார். ஐந்து வருடம் கழித்து வரப்போகும், முகம்கூடத் தெரியாத ஒரு மனிதருக்கு நான் மூன்று மடங்கு புள்ளி கொடுத்திருந்தேன்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பொலித்தீனை வெட்டினேன். முன் சீற், பின் சீற், தலை வைக்கும் இடம், எல்லாம். கணவர் பாடசாலை விட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது அது விறாந்தையில் குவியலாகக் கிடந்தது.

"ஐயோ, இதென்ன செய்து வச்சிருக்கிறீர்?"

"ஆருக்காக இதைப் பொத்தி வச்சிருக்கிறம், சொல்லுங்கோ பாப்பம். இதை வாங்கப்போற அந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இருத்தித் தேத்தண்ணி குடுக்கிறன். அவருக்காக என்ர அம்மா நாலு மாசமா நடக்காமல் இருக்கிறா எண்டு சொல்லுறன்."

கெட்ட மனிதர் அல்ல அவர், நான் கத்தும்போது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அட்டவணை போட்டது நீர்தானே."

கோபம் வந்து சேர்ந்த இடம் அதுதான், இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஒரு கற்பனைக் கிழவிக்காக மூன்று நாட்கள் கொழும்போடு சண்டை பிடித்தவள், கூடத்தில் இருந்த சொந்தத் தாயை ஒரு எண்ணுக்குள் போட்டு மூடினாள். இதில் என்மேல் இரக்கம் காட்ட ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் போய், "ஏனம்மா வாய் துறந்து சொல்லேல்ல?" என்று கேட்டேன். அப்போதும் குரலில் கோபம் இருந்தது, வெட்கமில்லாமல்.

"கதவைக் கேட்டனான் தானே," என்றார் அம்மா.

அடுத்த தவணைக்கு ஓட்டோவில் போனோம். அம்மா தானாகவே ஏறினார், நான் நாற்காலியை மடித்தேன். யாழ்ப்பாணத்தில் கால் செய்து தந்த அதே மனிதர் செயற்கைக் காலை மாட்டிப் பார்த்தார். காலுறைக்கு மேல் காலுறை போட்டுப் பார்த்தார். அது கழன்று கழன்று பக்கவாட்டில் திரும்பியது.

"இது இனிப் பொருந்தாது. திரும்ப அச்செடுத்து, முதல்ல இருந்து துவங்க வேணும். நாலு மாசமா எங்க போனனீங்கள் அம்மா?"

"வீட்டில புதுக் கார் ஒண்டு நிக்குது தம்பி," என்றார் அம்மா. "அதுக்குக் காவல் இருந்தனான்."

அந்த மனிதர் சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அன்றே அச்செடுத்தார்கள். இன்னும் ஆறு மாதம். அம்மா அந்த ஆறு மாதத்தை விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தேன். நான் தொலைத்த நான்கு மாதத்தை அவர் சொல்லிக் காட்டவேயில்லை.

வெள்ளைக் காரை மாற்றுவதற்காக எல்லோரும் வவுனியாவுக்குப் போனோம். கணவர் வெறும் காரை ஓட்டிக்கொண்டு முன்னால் போனார், அம்மாவும் நானும் ஓட்டோவில் பின்னால். விற்பனை நிலையத்துக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "அம்மாவை அந்த நிழலில விடுங்கோ, நாங்கள் கதைப்பம்," என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா நிழலுக்குப் போகவில்லை. சக்கரங்களைத் தானே உருட்டிக்கொண்டு கார் வரிசைக்குள் போனார். முதல் காரின் கதவைத் திறந்து அகலத்தைச் சாணால் அளந்தார், இருக்கையில் உள்ளங்கையை வைத்துத் தன் நாற்காலியின் உயரத்தோடு ஒப்பிட்டார். "இது குழி," என்றார். அடுத்ததில் கதவின் அகலம் காணாது. அதற்கடுத்ததில் பிடிக்க இடமில்லை. வெயில் கொளுத்தியது. கார் பார்க்க வந்தவர்கள் தங்கள் கார்களை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சைப் பெட்டி எப்போதோ விலைப்பட்டுவிட்டது. மூலையில் செம்பு நிறத்தில், பக்கம் கீறுப்பட்ட பழைய பெட்டிக் கார் ஒன்று தூசு பிடித்து நின்றது. அம்மா அதன் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உதை எடுத்தால் பிறகு விக்கிறது கஷ்டம்," என்று விற்பனைக்காரர் பின்னால் ஓடிவந்தார்.

"விக்கிறதுக்கு நான் வரேல்ல தம்பி. ஏறுறதுக்கு வந்தனான்."

முன் கதவு சுவர்போல அகலத் திறந்தது. அம்மா நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்திப் பிரேக்கைப் போட்டார். இடது காலை ஊன்றினார். உள்ளே தலைக்கு மேலே இருந்த பிடியை எட்டிப் பிடித்தார். விழுந்துவிடுவார் என்று நினைத்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கிட்டப் போனேன். ஒரே உந்தல். அம்மா உள்ளே இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கதவை இழுத்துச் சாத்தினார், விரல்கள் நசியாமல் நான் கையை இழுத்துக்கொண்டேன்.